ஆயுத பூஜைச் சந்தாவும் ஒரு மெமோவும்

கேள்வி: சென்னையில் ஒரு மாநில அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஆயுத பூஜை பல வருடங்களாக நடக்கிறது. ஆளுக்கு 300 ரூபாய் வசூல். இந்த முறை பொறுப்பு என்னிடம் வந்தது. பெயர்ப் பட்டியலோடு போனபோது, புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர் பணம் தர முடியாது என்று சொல்லிவிட்டார். அரசு அலுவலகத்தில் சாமி சமாச்சாரமே கூடாது என்று 1968-லேயே உத்தரவு இருக்கிறது என்று ஒரு நகலையும் என் மேசையில் வைத்தார். மறுநாள், இத்தனை வருடமாக ஒரு வார்த்தை பேசாமல் பணம் கொடுத்துவந்த உதவியாளர், அவர் கிறிஸ்தவர், "அக்கா, இந்த வருஷம் என் பேரையும் அடிச்சிடுங்க" என்றார். அதுதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது. அதிகாரியோ அந்தப் பையனுக்கு மெமோ கொடுக்கச் சொல்கிறார். "டெல்லியில் பார்லிமென்ட் கட்டடத்துக்கே பூஜை போட்டார்கள், நமக்கென்ன?" என்கிறார். புதிதாகக் கட்டப்போகும் பதிவறைக்கு பூமி பூஜை போட வேண்டும், படிக்கட்டு அருகே சின்னதாக ஒரு பிள்ளையார் வைக்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம். நான் சாமி கும்பிடுகிறவள். பூஜையை நிறுத்த எனக்கு மனமில்லை. சட்டம் என்ன சொல்கிறது? பூஜை கூடாது என்றால் விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவது மட்டும் எப்படிச் சரியாகும்? அதுவும் ஒரு வணக்கம்தானே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில் அளிப்பவர்: பணி வழக்குகள் நடத்தும் உயர் நீதிமன்ற வழக்கறிஞர்

முதலில் அந்த மெமோவை முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். அதிகாரி வாய்மொழியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்றால், எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும். மெமோ என்றால், அதாவது ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் சிறு தண்டனைக்கான 17(ஏ) என்றால், குற்றச்சாட்டு என்று ஒரு வரியாவது எழுத வேண்டுமே, என்ன எழுதுவீர்கள்? பூஜைக்குச் சந்தா தர மறுத்தார் என்றா? அந்த ஒரு வரியோடு அவர் உயர் நீதிமன்றத்துக்கு வந்தால் அரசு வழக்கறிஞருக்கே எழுந்து நிற்கக் கூச்சமாக இருக்கும். தாமதமாக வந்தார், கோப்பைத் தேக்கினார் என்று வேறு காரணம் எழுதினாலும் தேதிகள் காட்டிக்கொடுத்துவிடும். பணி வழக்குகளில் நாங்கள் முதலில் பார்ப்பதே தேதிகளைத்தான். சந்தா மறுத்தது ஒரு திங்கட்கிழமை, மெமோ வந்தது அந்த வார வெள்ளிக்கிழமை என்றால் மற்றதை நீதிபதியே படித்துக்கொள்வார்.

அந்த இளைஞர் வைத்த நகலில் விஷயம் இருக்கிறது. 1968-ல், அண்ணா முதல்வராக இருந்தபோது, அரசு அலுவலகங்களில் மாட்டியிருக்கும் சாமி படங்களைப் படிப்படியாக அகற்ற வேண்டும் என்று அரசு எழுதியது. அது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிற கடிதம்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஆயுத பூஜையையே தடுத்துவிட முடியாது. அந்த முயற்சியும் நடந்தது. அரசு அலுவலகங்களில் ஆயுத பூஜைக்குத் தடை கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு பொதுநல வழக்கு வந்தது. நீதிமன்றம் தடை கொடுக்கவில்லை. ஓர் ஊழியர் தான் கையாளும் பொருளுக்குத் தன்னளவில் மரியாதை செய்துகொள்வது, அடுத்தவரைப் பாதிக்காதவரை, மதச்சார்பின்மைக்கு விரோதமாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

உங்கள் அதிகாரி இதைக் கேட்டால் குஷியாகிவிடுவார். ஆனால் அந்தத் தீர்ப்பு காப்பாற்றுவது, தன் கம்ப்யூட்டருக்கும் பீரோவுக்கும் தானே சந்தனம் குங்குமம் வைத்துக்கொள்கிற ஊழியரை. பெயர்ப் பட்டியலோடு மேசை மேசையாகப் போன கண்காணிப்பாளரைக் காப்பாற்றுமா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான். என் கருத்து இதுதான்: அலுவலகத்தில் இருப்பவர்கள் கும்பிடலாம், அலுவலகம் கும்பிட முடியாது. எது ஊழியர்கள் செய்வது, எது அலுவலகம் செய்வது என்று பிரித்துப் பார்க்க மூன்றே கேள்விகள் போதும். யார் கேட்டார்கள், யார் பணம், மாட்டேன் என்று சொல்ல வழி இருந்ததா?

உங்கள் பட்டியலை இந்தக் கேள்விகளோடு பாருங்கள். கேட்டது நீங்கள். அந்த உதவியாளரின் விடுப்பு விண்ணப்பம் உங்களைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். அனுமதி கேட்டு அரை மணி நேரம் முன்னால் கிளம்புவது, வருகைப் பதிவேட்டில் தாமதக் குறி விழுவது, எல்லாம் உங்கள் கையில். நீங்கள் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? அதிலும் அந்தத் தாளில் எல்லார் பெயரும் வரிசையாக இருக்கிறது, பக்கத்தில் டிக். டிக் இல்லாத பெயர் யாருடையது என்று பியூன் முதல் அதிகாரி வரை பார்ப்பார்கள். தன் மதத்தை வருடத்துக்கு ஒருமுறை எல்லார் முன்னாலும் அறிவித்தால்தான் 300 ரூபாயிலிருந்து தப்பிக்கலாம் என்பது ஒரு நிலைமை. அதற்குப் பதில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அவர் இத்தனை வருடம் முடிவெடுத்திருக்கிறார். அந்தப் பையன் வாய் திறந்ததால்தான் அவருக்குத் துணிச்சல் வந்தது. உங்களுக்குச் சுருக்கென்றதே, அந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கான பதில் பாதி இருக்கிறது.

இந்தச் சிக்கலை அரசியல் நிர்ணய சபையே சந்தித்தது. 1949 அக்டோபர் 17 அன்று, அரசியல் சட்டத்தின் முகப்புரையைக் கடவுளின் பெயரால் என்று தொடங்க வேண்டும் என உறுப்பினர் எச்.வி.காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சபையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பக்திமான்கள். பூஜை முடித்துவிட்டுத்தான் பலர் சபைக்கே வந்திருப்பார்கள். இருந்தும் 41 பேர் ஆதரிக்க, 68 பேர் எதிர்க்க, திருத்தம் தோற்றது. நம்பிக்கை சார்ந்த விஷயத்தில் இது ஒரு கட்டாயமாகிவிடும் என்று சொல்லி எதிர்த்தவர்களில் திருவிதாங்கூரின் பட்டம் தாணுப்பிள்ளையும் ஒருவர். அதே அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், பதவியேற்பு உறுதிமொழியில் கடவுள் இருக்கிறார். கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கின்றன. ஒருவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. 2021 மே மாதம் மு.க.ஸ்டாலின் உளமார உறுதி கூறிப் பதவியேற்றார். கடவுள் பெயரால் ஏற்ற முதல்வர்களும் இருந்திருக்கிறார்கள். நாற்காலி ஒன்றுதான். உங்கள் அலுவலகத்துக்கும் இந்த ஏற்பாடுதான் தேவை. விலக நினைப்பவர் வாய் திறந்து காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ள வேண்டும்.

அதிகாரியின் டெல்லி வாதத்துக்கு வருகிறேன். 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பில் பூஜை நடந்தது உண்மை. ஆதீனங்கள் போனார்கள், ஓதுவார்கள் பதிகம் பாடினார்கள், 1947-ல் நம் சென்னையில் உம்மிடி நகைக்கடைக்காரர்கள் செய்துகொடுத்த செங்கோல் மக்களவையில் வைக்கப்பட்டது. அதே விழாவில் பல மதத்தவரும் கலந்துகொண்ட சர்வமதப் பிரார்த்தனையும் நடந்தது என்பதை அதிகாரி சொல்லியிருக்க மாட்டார். அது சரியா தவறா என்பது அரசியல் விவாதம். அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குத் தேர்தல் இருக்கிறது. உங்களுக்கு இருப்பது தணிக்கை.

அந்த இளைஞரும் ஒன்று தெரிந்துகொள்ளட்டும். வெளிநாடுகளில் இதெல்லாம் கிடையாது என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. பிரிட்டன் மக்களவை தினமும் பிரார்த்தனையோடுதான் தொடங்குகிறது. உறுப்பினர்கள் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார்கள். பிரார்த்தனை அட்டையைச் செருகி வைத்தவருக்குத்தான் அன்றைக்கு இடம் உறுதி என்பதால், இடம் பிடிக்கவே பிரார்த்தனைக்கு வருகிறவர்களும் உண்டு. (பெஞ்சில் துண்டு போடுகிற புத்தி எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.) அமெரிக்காவில் நகர சபைக் கூட்டத்தைப் பிரார்த்தனையோடு தொடங்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். அடுத்த ஆண்டே கனடாவின் உச்ச நீதிமன்றம் ஒரு நகர சபை வழக்கில் கூடாது என்றது. நம் தமிழ்நாடு சட்டப்பேரவையில் பேரவைத் தலைவர் ஒரு திருக்குறளும் பொருளும் வாசித்து அன்றைய கூட்டத்தைத் தொடங்குகிறார். அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லி நான் பார்த்ததில்லை.

சரி, தமிழ்த்தாய் வாழ்த்து. அது ஒரு வணக்கம்தானே என்ற உங்கள் வாதம் லேசானதல்ல. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. ஒரு விழாவில் காஞ்சி மடாதிபதி எழுந்து நிற்கவில்லை என்று கிளம்பிய தகராறையொட்டி வந்த வழக்கு அது. தமிழ்த்தாய் வாழ்த்து ஒரு வழிபாட்டுப் பாடல், கீதம் அல்ல, அதற்கு எழுந்து நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் ஆணையும் இல்லை என்றது நீதிமன்றம். அரசு சும்மா இருக்கவில்லை. அதே மாதம் 17-ஆம் தேதி அதை மாநிலப் பாடலாக அறிவித்து ஆணை வந்தது. முல்லைப்பாணி மோகன ராகத்தில் 55 விநாடிகளில் பாட வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்க வேண்டும், ஒலிநாடாவைத் தட்டிவிடாமல் முடிந்தவரை ஆட்களே பாட வேண்டும். ஆகவே இன்றைய நிலையில் அரசு விழாவில் அதைப் பாடுவது உங்கள் விருப்பமல்ல, ஆணை.

இன்னொரு விஷயமும் உங்களுக்குப் பிடிக்கலாம். 1891-ல் மனோன்மணீயம் நாடகத்துக்குச் சுந்தரம் பிள்ளை எழுதிய அந்த வாழ்த்தில் எல்லையற்ற பரம்பொருளைப் பற்றிய வரிகளும் உண்டு. 1970-ல் அரசு விழாக்களுக்கென்று எடுத்துக்கொண்டபோது, வடமொழியைப் பற்றிய வரியோடு அந்த வரிகளும் விடுபட்டன. நாம் பாடுகிற வடிவத்தில் மிஞ்சியிருப்பது நிலமும் மொழியும்தான். உருவகமாக ஒரு தாய் இருக்கிறாள், வாழ்த்தும் இருக்கிறது. ஆனால் எந்த மதத்தில் நம்பிக்கை உண்டு என்று அது யாரையும் கேட்பதில்லை. பாட மனமில்லாதவரைப் பாடவைக்க முடியுமா என்றால், தேசிய கீத விஷயத்திலேயே முடியாது என்று 1986-ல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேரளத்தில் மூன்று பிள்ளைகள் கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளி வெளியே அனுப்பியது, நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நின்றால் போதும், வாய் அசைகிறதா என்று பார்க்க வேண்டாம். உங்கள் உதவியாளர் இந்தப் பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதால் நீங்களாகப் போய் அவரிடம் கேட்கவும் வேண்டாம்.

பதிவறைக் கட்டடத்தில் பிள்ளையார் விஷயம் எளிது. கூடாது. அரசு அலுவலக வளாகங்களுக்குள் எந்த மத வழிபாட்டு இடமும் கட்டக் கூடாது என்று 1993-லேயே அரசாணை இருக்கிறது. ஏற்கெனவே பல வளாகங்களில் கோயில் இருக்கிறதே என்பார் அதிகாரி. இருக்கிறது, அவற்றில் சிலவற்றுக்கு வழக்கும் இருக்கிறது. புதிதாக ஒன்றை வைத்து அதற்குக் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று கேளுங்கள்.

பூமி பூஜையில் சட்டம் அவ்வளவு கறாராக இல்லை. குஜராத் உயர் நீதிமன்றத்தின் புதிய கட்டடத்துக்குப் பூமி பூஜை செய்ததை எதிர்த்து ஒருவர் வழக்குப் போட்டார். 2011-ல் அதே நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்ததோடு 20,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. அதற்கு நேர் எதிராக, 2024 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் ஒரு நீதிமன்றக் கட்டட பூமி பூஜை விழாவிலேயே பேசிய உச்ச நீதிமன்ற நீதிபதி அபய் ஓகா, நீதிமன்ற நிகழ்ச்சிகளில் பூஜையை விட்டுவிட்டு அரசியல் சட்ட முகப்புரையை வணங்குவோம் என்றார். அது பேச்சு, தீர்ப்பல்ல. நம் தருமபுரியில் 2022-ல் அரசு ஏரிப் பணிக்கு நடக்கவிருந்த பூமி பூஜையை நாடாளுமன்ற உறுப்பினர் செந்தில்குமார் நிறுத்தி, மற்ற மதத்தவர் எங்கே என்று அதிகாரிகளைக் கேட்ட வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அன்றைக்கு அந்த இடத்தில் விழித்துக்கொண்டு நின்ற பொறியாளராக உங்கள் அதிகாரி இருக்க வேண்டுமா என்பதுதான் நடைமுறைக் கேள்வி.

வழி ஒன்று இருக்கிறது, சென்னையில் பல இடங்களில் நடப்பதும் அதுதான். கடைக்கால் தோண்டும் நாளில் ஒப்பந்தக்காரர் காலையிலேயே மேஸ்திரியை வைத்துக்கொண்டு நாலு செங்கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்துக்கொள்வார். அது அவர் தொழில், அவர் நம்பிக்கை, அவர் காசு. அவர் கூப்பிட்டு உங்களுக்கு விருப்பமிருந்தால் நீங்களும் போய்க் கற்பூரம் ஒற்றிக்கொள்ளுங்கள். அலுவலகத்தின் விழா தனி. அழைப்பிதழில் "அடிக்கல் நாட்டு விழா" என்று மட்டும் இருக்கட்டும். தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, முடிவில் நாட்டுப்பண்.

இனி ஆயுத பூஜைக்கு. முதல் வேலை, அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். இதுவரை வாங்கியதில் யாராவது திரும்பக் கேட்டால் ஏன் என்று கேட்காமல் கொடுத்துவிடுங்கள். அப்புறம் சங்க அறையிலோ சாப்பாட்டு அறையிலோ ஒரு மூடிய டப்பா வையுங்கள். இஷ்டப்பட்டவர் இஷ்டப்பட்டதைப் போடட்டும். பக்கத்தில் யாரும் உட்கார வேண்டாம். தொகை குறையும், கட்டாயம் குறையும். வாழைக்கன்றும் மாலையும் கொஞ்சம் சின்னதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அலுவலகச் சில்லறைச் செலவுக் கணக்கிலிருந்து ஒரு முழம் பூகூட வாங்காதீர்கள். ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கும் வரியைச் செலுத்த யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. ஒரு முழம் பூவுக்கு அந்தப் பிரிவு நேராகப் பாயாது என்று வாதாடலாம்தான். ஆனால் தணிக்கைக்காரர் அரசியல் சட்டம் பேச மாட்டார், ரசீது எங்கே என்பார்.

இதைவிடப் பெரிய ஆபத்து வெளியாள் பணம். ஒப்பந்தக்காரர் ஒரு மூட்டை பொரி அனுப்புவார், இடைத்தரகர் ஒருவர் "பூஜைக்கு நம்ம பங்கு" என்று கவரை நீட்டுவார். வாங்கவே வாங்காதீர்கள். பண்டிகை நெருங்கினால் லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகங்களில் திடீர்ச் சோதனை நடத்துவது உங்களுக்குத் தெரியாததல்ல. மேசை டிராயரில் கணக்கில்லாத சில ஆயிரம் ரூபாய் கிடைத்து, அது பூஜை வசூல் என்று நீங்கள் சொன்னால், அதை நிரூபிக்க வேண்டிய தலைவலி உங்களுடையது. அலுவலகத்தில் சொந்தப் பணப் பதிவேடு இருந்தால், டப்பாவை எண்ணும் நாளில் இரண்டு பேர் முன்னிலையில் எண்ணி அதில் எழுதி வையுங்கள்.

உங்கள் உதவியாளரிடம் பெரிதாக வருத்தம் தெரிவித்து அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். "அடிச்சிட்டேம்மா" என்று ஒரு வார்த்தை போதும். அன்றைக்குப் பொரி, கடலைப் பொட்டலத்தை மேசை மேசையாகக் கொண்டுபோய் நீட்டவும் வேண்டாம். படைத்ததைச் சாப்பிடாத கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் உண்டு, வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. ஓர் ஓரமாகத் தாம்பாளத்தில் வைத்துவிட்டால் வேண்டியவர் எடுத்துக்கொள்வார். யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. அவருடைய கம்ப்யூட்டருக்கும் அந்த இளைஞருடையதற்கும் பொட்டு வைக்காமல் விடுங்கள். உற்சாகத்தில் பியூன் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டே போவார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை நீங்கள் கேட்கவில்லை. ஆயுத பூஜை அன்று விடுமுறை என்பதால் முந்தைய வேலை நாளில், மதியம் மூன்று மணிவாக்கில் பூஜை போடுவதுதான் பெரும்பாலான அலுவலகங்களில் வழக்கம். அந்த நேரத்தில் கவுன்டரில் நிற்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். சான்றிதழுக்காகத் திருவொற்றியூரிலிருந்து அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரிடம் "பூஜை நடக்குது, உட்காருங்க" என்றால், மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை. உங்கள் ஊழியர்களுக்காவது சங்கம் இருக்கிறது. கவுன்டர் நேரம் முடிந்து, 5.45-க்கு மேல் வையுங்கள். தூரத்திலிருந்து வரும் பெண்கள் வீடு போய்ச் சேர நேரமாகும் என்றால் மதிய உணவு இடைவேளையில் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். ராகு காலம், எமகண்டம் இடித்தால் அது உங்கள் பாடு, அதில் எனக்கு வக்காலத்து கிடையாது.